ஆசிரியைகளின் ஹானர் சொசைட்டிக்கு உங்கள் ஊரில் புதுக் கிளை: எதை முதலில் செய்வது?

அமெரிக்காவில் கல்வித் துறையில் வேலை செய்யும் பெண்களுக்கென்றே ஹானர் சொசைட்டிகள், அதாவது தொழிலில் சிறப்பாக இருப்பவர்களை அழைத்துச் சேர்க்கும் சங்கங்கள், இருக்கின்றன. பலருக்கும் தெரிந்தவை இரண்டு: 1929-இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய டெல்டா கப்பா காமா, 1947-இல் மிசௌரியின் கன்சாஸ் சிட்டியில் தொடங்கிய ஆல்ஃபா டெல்டா கப்பா. தலைமை எங்கே இருந்தாலும் வேலை நடப்பது ஊர்க் கிளைகளில்தான். முதல் வருடம் வகுப்பை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழும் புது ஆசிரியைக்கு ஒரு மூத்தவர் கைகொடுப்பதும், ஆசிரியர் பயிற்சி படிக்கும் ஒரு பெண்ணின் புத்தகச் செலவை ஏற்பதும் அங்கேதான்.

வடக்கு டெக்சஸில் நாங்கள் சில பேர் சேர்ந்து இப்படியொரு கிளை தொடங்கினோம். ஐந்து மாதத்தில் முடியும் என்று நினைத்தோம். பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதித் தாமதம், எதற்குப் பின் எது என்று தெரியாமல் வேலைகளை முன்னும் பின்னும் செய்ததால் வந்தது. நம் பெண்கள் பல மாநிலங்களில் பள்ளி வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைக் கையில் எடுத்தால் எங்கள் அலைச்சல் அவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கிளை இருக்கிறதா என்று பாருங்கள்

இது முதல் வேலை. இரண்டு சங்கங்களுமே பழையவை. உங்கள் மாவட்டத்திலேயே ஒரு கிளை இருக்கலாம், அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்களாக, "இளையவர்கள் யாரும் வரமாட்டேன் என்கிறார்களே" என்ற கவலையோடு இருக்கலாம். அப்படியானால் புதிதாகத் தொடங்காமல் அங்கே போய்ச் சேருவதுதான் நல்லது. வங்கிக் கணக்கு, விதிகள், அனுபவம் எல்லாம் அங்கே தயாராக இருக்கும்.

சங்கத்தின் மாநில அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், அருகிலுள்ள கிளைகளின் பட்டியல் கிடைக்கும். அவற்றின் கூட்டங்களுக்கு இரண்டு முறையாவது விருந்தினராகப் போய் வாருங்கள். புதுக் கிளைக்கு நியாயமான காரணம் என்று எனக்குத் தோன்றுவது இரண்டுதான். ஒன்று தூரம்: வார நாள் மாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். இன்னொன்று நேரம்: இருக்கும் கிளை மதியம் கூடுகிறது, வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது. "நமக்கென்று ஒன்று இருக்கட்டும்" என்பது மட்டுமே காரணமாக இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

2. ஆள் சேர்ப்பது: வாட்ஸ்ஆப்பில் அறிவிக்காதீர்கள்

இவை விண்ணப்பம் போட்டுச் சேரும் சங்கங்கள் அல்ல, அழைப்பின் பேரில் சேருபவை. நாங்கள் இதைப் புரிந்துகொள்ளாமல், ஊர் அம்மாக்கள் எல்லாரும் இருக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் "ஆசிரியைகள் எல்லாரும் வாருங்கள்" என்று போட்டுவிட்டோம். நாற்பது பேர் கை தூக்கினார்கள். அவர்களில் தகுதி இல்லாதவர்களிடம் பிறகு தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது. சிலர் மனம் நொந்துபோனார்கள். அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

தகுதியை முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியை, கல்லூரிப் பேராசிரியை, நூலகர், பள்ளி கவுன்சிலர் (மாணவர் ஆலோசகர்), பள்ளி முதல்வர் போன்றவர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் இல்லை. சந்தேகம் வரும் இடங்கள் வேறு:

- வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் கற்பிக்கும் அக்காக்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் எடுத்தவர்கள்கூட உண்டு. அவர்கள் உழைப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தொழில்முறைக் கல்வியாளர் என்ற வரையறைக்குள் வருவார்களா என்பதை மாநில அமைப்புதான் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.
- இந்தியாவில் ஆசிரியையாக இருந்து, இங்கே வந்து வேலையில்லாமல் இருப்பவர்கள்.
- மாற்று ஆசிரியர், வகுப்பு உதவியாளர்.
- ஆசிரியர் பயிற்சி படிக்கும் மாணவியர். இவர்களுக்குத் தனி உறுப்பினர் வகையும் குறைந்த சந்தாவும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பது சங்கத்துக்குச் சங்கம் வேறு. எந்த எண் சொன்னாலும் அதைவிட ஒன்றரை மடங்கு பெயர்களோடு கிளம்புங்கள். எங்களிடம் 22 பேர் உறுதி சொன்னார்கள், தொடக்க நாளில் நின்றது 14 பேர். மற்றவர்களுக்குக் குழந்தை, வீடு மாற்றம், மாமியார் வருகை என்று ஏதாவது ஒன்று.

அந்த 14 பேரில் தமிழ்ப் பெண்கள் ஐந்து பேர்தான். இதைத் தெரிந்தேதான் செய்தோம். இது மொழிச் சங்கம் இல்லை, ஆசிரியைகளின் சங்கம். நம் ஆட்கள் மட்டும் சேர்ந்து நடத்தினால், இந்த ஊர்ப் பள்ளிகளை இருபது வருடமாக அறிந்த ஒரு மேரியோ கார்மெனோ நமக்குக் கிடைக்காமல் போய்விடுவார்.

விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. கிளைப் பொறுப்புகளுக்குச் சம்பளம் கிடையாது. எச்-1பி, ஜே-1, எச்-4 எதில் இருந்தாலும், பேச்சுக்கோ பயிற்சி வகுப்புக்கோ மதிப்பூதியம் தருகிறோம் என்றால் வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஜே-1 ஆசிரியர் விசா மூன்று ஆண்டுதான், நீட்டித்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை கிடைக்கலாம். அதனால் அந்த விசாவில் இருப்பவரை உறுப்பினராகச் சேருங்கள், தலைவராகவோ பொருளாளராகவோ போடாதீர்கள். அவர் ஊருக்குத் திரும்பும்போது வங்கிக் கையெழுத்தும் கூடவே விமானம் ஏறிவிடும்.

3. மாநில அமைப்புக்கு விண்ணப்பம்

இதற்குச் சரியான நேரம் செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் பள்ளி திறக்கும் அமளியில் யாரும் பதில் போட மாட்டார்கள். ஏப்ரல், மே தேர்வுக் காலம். ஜூன், ஜூலையில் பாதிப் பேர் இந்தியாவில் இருப்பார்கள். நாங்கள் மார்ச் மாதம் தொடங்கியதால்தான் ஒரு கோடை விடுமுறை முழுவதும் வீணானது.

எங்களிடம் கேட்டவை இவை: சேரப்போகிறவர்களின் பெயர், வேலை செய்யும் இடம், பதவி, அனுபவ ஆண்டுகள் அடங்கிய பட்டியல். ஏன் புதுக் கிளை என்று ஒரு பக்க விளக்கம். தற்காலிகப் பொறுப்பாளர்களின் பெயர்கள். எந்த ஊர்களை, எந்தப் பள்ளி மாவட்டங்களை உள்ளடக்கும் என்ற விவரம். கிளை விதிகளின் வரைவு.

விதிகளைச் சொந்தமாக எழுத உட்காராதீர்கள். மாநில அமைப்பிடம் மாதிரி இருக்கும். அதை வாங்கி ஊர், கூட்ட எண்ணிக்கை, சந்தா, கோரம் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) இவற்றை மட்டும் நிரப்புங்கள். சர்வதேச அமைப்பின் சட்டத்தோடு முரண்படும் எந்த வரியும் செல்லாது. உதாரணமாக, நாங்கள் பொருளாளரைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பதாக எழுதியிருந்தோம். அவரை நிர்வாகக் குழுதான் நியமிக்க வேண்டும் என்று திருத்தி அனுப்பச் சொன்னார்கள். அதற்கு மூன்று வாரம். கோரத்தையும் பெரிதாக வைக்காதீர்கள். பதினான்கு பேரில் பத்துப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று எழுதிவிட்டால், காய்ச்சல் பரவும் பிப்ரவரி மாதம் எந்தத் தீர்மானமும் போட முடியாது.

4. பெயர் முதலில், இஐஎன் அப்புறம்

நாங்கள் அதிகம் அடிபட்ட இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

இஐஎன் என்பது ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வருமான வரித் துறை, தரும் ஒன்பது இலக்க எண். தனி மனிதருக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் எப்படியோ, அமைப்புக்கு இது அப்படி. இது இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது. விண்ணப்பம் இலவசம், இணையத்தில் செய்தால் உடனே எண் வந்துவிடும். "ஐந்து நிமிட வேலை, இப்போதே போட்டுவிடலாம்" என்று எங்களில் ஒருவர் சொல்ல, மாநில அமைப்பு எங்களுக்கு அனுமதி தருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதமே வாங்கிவிட்டோம். அதனால் இரண்டு சிக்கல் வந்தது.

முதல் சிக்கல், பெயர். கிளைப் பெயர் கிரேக்க எழுத்துகளில் இருக்கும், அதை மாநில அமைப்பு உறுதி செய்ய வேண்டும். நாங்களாக ஒரு பெயரை ஊகித்து இஐஎன் வாங்கினோம். கிளையை அங்கீகரித்து வந்த சாசனத்தில் இருந்தது வேறு எழுத்து. வங்கியில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். பெயர் மாற்றம் கேட்டுப் பொறுப்பாளர் கையெழுத்தோடு ஐஆர்எஸ்ஸுக்குக் கடிதம் எழுதி, புதுப் பெயரில் 147சி என்ற உறுதிக் கடிதம் கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இரண்டாவது சிக்கல், கடிகாரம். லாப நோக்கற்ற அமைப்பு என்று இஐஎன் வாங்கிய நாளிலிருந்தே உங்கள் ஆண்டுத் தாக்கல் கணக்கு ஓடத் தொடங்குகிறது. கிளை இன்னும் பிறக்கவே இல்லை, ஆனால் ஐஆர்எஸ் கணக்கில் ஒரு வருடம் போய்விட்டது. அமைப்பு முறைப்படி உருவான பிறகே இஐஎன் கேளுங்கள் என்று அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள்தான் படிக்கவில்லை.

ஆக, வரிசை இது: மாநில அமைப்பின் அனுமதிக் கடிதம், அதில் இருக்கும் சரியான பெயர், அப்புறம் இஐஎன், அப்புறம் வங்கி.

விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- ஐஆர்எஸ்ஸின் சொந்தத் தளத்தில் மட்டும் போடுங்கள். தேடினால் முதலில் வரும் பல தளங்கள் இந்த இலவச எண்ணுக்குக் கட்டணம் கேட்கும்.
- பாதியில் சேமித்து வைக்க முடியாது. 15 நிமிடம் எதையும் தொடாமல் விட்டால் அழிந்துவிடும். விவரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.
- பொறுப்பான நபர் என்று ஒருவர் பெயரைக் கேட்கும். அவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ, அது இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் என்ற வரி எண்ணோ இருக்க வேண்டும். தலைவரையோ பொருளாளரையோ போடுங்கள்.
- பெயரில் காற்புள்ளி, மேற்கோள் குறி எதுவும் ஏறாது. எப்படிப் பதிவானதோ அந்த எழுத்துக்கூட்டலையே இனி எல்லாத் தாள்களிலும் பயன்படுத்துங்கள்.
- எஸ்எஸ்-4 என்ற இஐஎன் விண்ணப்பப் படிவத்தில் கணக்காண்டு முடியும் மாதம் என்று ஒரு வரி உண்டு. பழக்கத்தில் டிசம்பர் என்று போட்டுவிடாதீர்கள். ஜூலை 1-இல் தொடங்கும் கணக்காண்டு என்றால் ஜூன் என்று போட வேண்டும். உங்கள் சங்கத்தின் ஆண்டு எது என்று மாநிலப் பொருளாளரிடம் கேளுங்கள்.
- குழு விலக்கு எண் கேட்கும் இடமும் உண்டு. தாய் அமைப்பின் கீழ் கிளைகளுக்கும் சேர்த்து வரிவிலக்கு வாங்கியிருந்தால் அந்த நான்கு இலக்க எண் இருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

முடிவில் சிபி 575 என்ற கடிதம் திரையில் வரும். உடனே பதிவிறக்கி மூன்று பேருக்கு அனுப்பிவிடுங்கள். அது தொலைந்தால்தான் 147சி கேட்டு அலைய வேண்டும்.

இன்னொன்று. தாய் அமைப்பின் குழு விலக்குக்குள் நீங்கள் வருவீர்கள் என்றால், தனியாக வரிவிலக்கு விண்ணப்பம் போடத் தேவையில்லை. தெரியாமல் போட்டால் 1024 படிவத்துக்கு மட்டும் 600 டாலர் கட்டணம். எங்கள் பொருளாளர் பணம் கட்டப் போன கடைசி நிமிடத்தில் நிறுத்தினோம்.

5. வங்கிக் கணக்கு

கொண்டுபோக வேண்டியவை: சிபி 575 கடிதம், சாசனம் அல்லது அனுமதிக் கடிதம், கிளை விதிகள், கணக்கு தொடங்கும் தீர்மானம் உள்ள மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு), கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையும் முகவரியும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் நேரில் வர வேண்டும் என்று கேட்கும் வங்கிகள் உண்டு. பள்ளி விடுமுறையும் வங்கி வேலை நாளுமாக ஒரு தேதி பார்த்து, முன்கூட்டியே நேரம் வாங்குங்கள்.

மினிட்ஸில் "வங்கிக் கணக்கு தொடங்க முடிவு செய்தோம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வங்கி, யார் யார் கையெழுத்து, ஒருவர் போட்டால் போதுமா இருவர் வேண்டுமா, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை ஓட்டு என்று எழுதி, செயலாளர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். எங்கள் முதல் மினிட்ஸில் இவை எதுவும் இல்லை, இன்னொரு கூட்டம் போட்டோம்.

கணக்கு வருவதற்குள் சந்தா வசூலிக்க ஆசை வரும். யாருடைய சொந்த ஸெல் (Zelle, போனில் பணம் அனுப்பும் சேவை) கணக்கிலும் வாங்காதீர்கள். எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சரி. வீட்டு மளிகைப் பணமும் சங்கப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், ஒரு வருடம் கழித்து அவரே நினைத்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. காசோலைகளாக வாங்கி உறையில் வைத்திருங்கள்.

மாதக் கட்டணம் இல்லாத, குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்கு வேண்டும். ஊர்க் கிரெடிட் யூனியன்களையும் (கூட்டுறவு வங்கிகள்), குறிப்பாக ஆசிரியர்களுக்கென்று தொடங்கியவற்றையும், விசாரித்துப் பாருங்கள்.

6. பணம் எவ்வளவு ஆகும்?

சந்தா என்பது மூன்று பங்கு: சர்வதேச அமைப்புக்கு, மாநிலத்துக்கு, கிளைக்கு. புதியவர்கள் மொத்தத் தொகையைப் பார்த்து "இவ்வளவு பணம் நம்மிடம் இருக்குமே" என்று நினைப்பார்கள். எங்களுடையதைச் சொல்கிறேன். ஒருவருக்கு 90 டாலர். அதில் 65 மேலே போய்விடும், கிளையில் நிற்பது 25. பதினான்கு பேருக்கு 350 டாலர். தொடக்க விழாவுக்கு 185, காசோலைப் புத்தகத்துக்கு 28, ஆறு மாதத் தபால் பெட்டிக்கு 96. முதல் ஆண்டில் கையில் மிஞ்சியது 41 டாலர். உதவித்தொகை தருவோம் என்று முதல் கூட்டத்திலேயே அறிவித்திருந்தோம். அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. தபால் பெட்டி எடுத்தது வீண். மாநில அமைப்பின் தபால்கள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வந்தன.

நன்கொடை கேட்கப் போகும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எங்க வீட்டுக்காரர் கம்பெனியில மேட்சிங் தருவாங்க, போடலாமா?" மேட்சிங் என்பது ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாகக் கம்பெனியும் தருவது. வரிவிலக்கு பெற்ற அமைப்பு என்றாலே நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்று அர்த்தம் இல்லை. அறப்பணி, கல்வி அமைப்புகளுக்கான 501சி3 வரிப் பிரிவில் இருந்தால் உண்டு. தொழில்முறைச் சங்கங்களுக்கான 501சி6 பிரிவில் இருந்தால் தருகிறவருக்கு நன்கொடைச் சலுகையும் கிடையாது, கம்பெனி மேட்சிங்கும் பொதுவாகக் கிடைக்காது. உங்கள் கிளை எந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்ளாமல் ரசீதில் "வரிச்சலுகை உண்டு" என்று எழுதிவிடாதீர்கள். தாய் அமைப்புக்குத் தனியாகக் கல்வி அறக்கட்டளை இருந்தால், பெரிய நன்கொடைகளை அங்கே அனுப்பச் சொல்லலாம்.

குலுக்கல் சீட்டு விற்றுப் பணம் சேர்க்கும் யோசனையும் வரும். மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் செய்யாதீர்கள். பல மாநிலங்களில் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும், எந்த வகை அமைப்பு நடத்தலாம் என்று கட்டுப்பாடு இருக்கும். கேக் விற்பனையும் பழைய புத்தக விற்பனையும் எளிது. அதற்கும் விற்பனை வரி உண்டா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

7. கூட்டம் நடத்த இடம்

பொது நூலக அறைகள் பெரும்பாலும் இலவசம், ஆனால் உள்ளே பணம் வசூலிக்கக் கூடாது என்று பல நூலகங்களில் விதி உண்டு. சந்தா வாங்கும் கூட்டத்தை அங்கே வைக்காதீர்கள். பள்ளி வளாகம் கேட்டால் காப்பீட்டுச் சான்று கேட்கலாம். மாநில அமைப்பின் காப்பீடு கிளைக்கும் பொருந்துமா என்று விசாரியுங்கள். எங்கள் தொடக்க விழா ஓர் உறுப்பினரின் தேவாலயக் கூடத்தில், மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. ரோஜா, மெழுகுவர்த்தி, உறுதிமொழி, காபி, நான் செய்துகொண்டு போன ரவா கேசரி. ஒன்றரை மணி நேரம்.

8. காலண்டரில் இன்றே குறிக்க வேண்டிய தேதிகள்

ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய அமைப்புகள் 990-என் என்ற மின் அஞ்சலட்டையைத் தாக்கல் செய்தால் போதும். எட்டே விவரங்கள்தான், கட்டணம் இல்லை. கணக்காண்டு முடிந்த பின் ஐந்தாவது மாதம் 15-ஆம் தேதி கடைசி நாள். ஜூன் 30-இல் முடியும் ஆண்டுக்கு நவம்பர் 15.

இங்கேதான் புதுக் கிளைகள் ஏமாறுவது. மே மாதம் கிளை தொடங்கினால், ஜூன் 30-இலேயே உங்கள் முதல் ஆண்டு முடிந்துவிடும். இரண்டே மாத ஆண்டுதான், இருந்தாலும் அதே நவம்பரில் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் அடுத்த வருடம்தான் என்று நினைத்து முதல் தேதியைக் கோட்டை விட்டோம். ஒரு முறை தவறினால் அபராதம் இல்லை. தொடர்ந்து மூன்று ஆண்டு தவறினால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும், மீட்க மறுபடி விண்ணப்பமும் கட்டணமும். சில தாய் அமைப்புகள் கிளைகளுக்கும் சேர்த்துத் தாக்கல் செய்வது உண்டு. உங்களுக்கு யார் செய்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். புதிய இஐஎன் 990-என் தாக்கல் செய்யும் தளத்தில் ஏறாமல் இருந்தால் ஐஆர்எஸ்ஸின் விலக்கு பெற்ற அமைப்புகள் பிரிவை அழைத்துச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அதனால் நவம்பர் 14 இரவு உட்காராமல் செப்டம்பரிலேயே முயன்று பாருங்கள்.

பொறுப்பாளர்கள் மாறும் ஆண்டில் இரண்டு வேலை. இஐஎன்னில் பொறுப்பான நபராக இருந்தவர் மாறினால் 60 நாளுக்குள் 8822-பி படிவம் அனுப்ப வேண்டும். வங்கியில் பழைய கையெழுத்தை நீக்கிப் புதியதைச் சேர்க்கவும் மினிட்ஸில் தீர்மானம் வேண்டும், இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போய் வருவது நல்லது.

இப்போது எங்கள் கிளையில் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. சாசனம், சிபி 575, 147சி, விதிகள், எல்லா மினிட்ஸும், 990-என் ஏற்புத் தாள்களும் அதில் இருக்கின்றன. அதன் நகல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் உண்டு. கடவுச்சொற்கள் தனி உறையில் பொருளாளரிடமும் தலைவரிடமும் இருக்கின்றன. புதுத் தலைவர் பொறுப்பேற்கும் ஜூலை மாதம் எங்கள் முதல் அலுவல் அந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு தாளிலும் கிளைப் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பதுதான்.